மணியோசை வரும் முன்னே

பகலில் ஹெட்லைட்டை எரியவிட்டுக்கொண்டு நம்மூரில் ஒரு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் பாருங்கள். எதிரே வருகிற அத்தனை பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி அக்கறைப்படுவார்கள். கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் குவித்துக் குவித்து விரிப்பார்கள். ஆட்டோக்காரர், பால்காரர், அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிற வாண்டு... யாரும் பாக்கி இல்லை. 'லைட் எரியுது, அணைங்க' என்று அர்த்தம். வாயைத் திறக்காமலே தமிழ்நாடு முழுக்கச் செல்லுபடியாகிற பாஷை அது.

2017 ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து, விற்பனைக்கு வரும் புது டூவீலர்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று இந்தியாவில் விதி வந்தது. அணைக்க சுவிட்சே கிடையாது. அந்த வருஷம் புது வண்டி வாங்கிய என் பக்கத்து வீட்டுக்காரர் நொந்துபோய்விட்டார். "ஆபீஸ் போறதுக்குள்ள நாற்பது பேர் கை காட்டறான் சார். ஒவ்வொருத்தன் கிட்டயும் நின்னு 'இது கவர்ன்மென்ட் ரூல்'னு சொல்லிட்டிருக்க முடியுமா?"

சிரித்தேனே தவிர, கை காட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான். பகல் வேளையில் விளக்கு எரிந்தால் அது வீண்செலவு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன். எங்கள் வீட்டில் ஆள் இல்லாத அறையில் பல்பு எரிந்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. "உங்க தாத்தா என்ன எலெக்ட்ரிக் கம்பெனியா வெச்சிருந்தார்?" என்று கேட்டபடியே வந்து அணைப்பார். அப்படி வளர்ந்தவனுக்கு கார் வந்தால் என்ன செய்வான்? பேட்டரி தீர்ந்துவிடும், பல்பு ஃபியூஸ் ஆகிவிடும் என்று நன்றாக இருட்டும் வரை ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கிற அந்தத் திருகைத் தொடவே மாட்டான். (எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர்தான் கரன்ட் கொடுக்கிறது, விளக்கு போட்டதால் பேட்டரி தீராது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.)

அந்தச் சிக்கனம் 2005 நவம்பரில் ஒருநாள் இரண்டு பேரைக் காவு வாங்கப் பார்த்தது.

அந்த வருஷம் பெய்த மழையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். காலை பத்து மணி. நான் மட்டும் காரில் போய்க்கொண்டிருந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார், சில்வர் கலர். அழுக்கு தெரியாது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய கலர். செங்கல்பட்டு தாண்டி பாலாற்றுப் பாலம் ஏறும்போது தூறல். மதுராந்தகம் தாண்டியதும் வானம் கிழிந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. வைப்பரை முழு வேகத்தில் போட்டேன். விளக்கு போடவில்லை. பகல்தானே? எனக்குத்தான் ரோடு தெரிகிறதே?

எழுபதில் போயிருப்பேன். இடதுபக்கம் ஒரு கிராமத்து ரோடு வந்து சேருகிற இடம். எதிரே சென்டர் மீடியனில் வண்டிகள் திரும்ப விட்டிருந்த இடைவெளி. கிராமத்து ரோட்டின் முனையில் ஒரு டி.வி.எஸ். 50 நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஓட்டுகிறவர் யூரியா சாக்கைக் கொங்காணி போட்டுத் தலையை மூடியிருந்தார். பின்னால் ஒரு அம்மாள், மடியில் ஒயர் கூடை, தலைக்கு மேல் பாலிதீன் ஷீட். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நேராக என்னைத்தான் பார்த்தார், சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகி, நிதானமாக ரோட்டுக்குள் வந்தார்.

பிரேக்கை மிதித்தேன். ஏ.பி.எஸ். இல்லாத வண்டி. சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போனது. அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அந்த அம்மாளின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்ததை இப்போதும் என்னால் சொல்ல முடியும். மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது வரை. டி.வி.எஸ். 50-க்கு ஒரு முழம் தள்ளி கார் நின்றது. பின்னால் யாரும் வராதது என் அதிர்ஷ்டம்.

பயம் வந்தால் சில பேர் அழுவார்கள். நான் கத்துவேன். கண்ணாடியை இறக்கி, இந்த நாட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த வசனத்தை வீசினேன்.

"யோவ்! வீட்ல சொல்லிட்டு வந்தியாய்யா?"

அவருக்குக் கைகால் நடுங்கிக்கொண்டிருந்தது. கோபமே இல்லாமல் பதில் சொன்னார்.

"வீட்டுக்காரியே பின்னாடிதான் சார் குந்தினுகீறா. கார் வர்றது கண்ணுக்குத் தெரியல சார்..."

அந்த அம்மாள் முந்திக்கொண்டு சொன்னாள். "அவரை ஒண்ணும் சொல்லாதே சாமி. நானும் பாத்தேன். ஒண்ணும் வரல, போய்யான்னு நாந்தான் சொன்னேன்."

இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். நாலு கண்கள். அவற்றில் நான் விழவில்லை.

காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். கால் தரையில் சரியாகப் பாவவில்லை. பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட டீக்கடை ஒன்று இருந்தது. அவர்களையும் கூப்பிட்டு மூன்று டீ சொன்னேன். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். அவளுக்காக கோழி முட்டையும் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டு போகிறார்களாம். ஒயர் கூடையில் ஒரு முட்டை உடைந்திருந்தது. அந்த அம்மாள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ குடித்துவிட்டு, ஏன் என்று தெரியாமலே, அவர் வண்டியோடு நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். நான் வந்த திசையைப் பார்த்தேன்.

ரோடு சாம்பல். மழை சாம்பல். வானம் சாம்பல். முன்னால் போன லாரி தூக்கியடித்த தண்ணீர் புகை மாதிரி ரோட்டின் மேலேயே தொங்கியது, அதுவும் சாம்பல். தூரத்தில் இரண்டு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பஸ் என்று புரிந்தது. பஸ் போனதும், இனி ஒன்றும் வரவில்லை என்று நான் சத்தியம் பண்ணத் தயாராக இருந்த நேரத்தில், எங்கிருந்தோ முளைத்த மாதிரி ஒரு வெள்ளை வேன் சர்ரென்று என்னைத் தாண்டிப் போனது. அதற்கு விளக்கு இல்லை. அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் 'ஒண்ணும் வரல, போய்யா' என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாமக்கல் லாரி டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, உபதேசம் பண்ணவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, லைட்டுப் போட்டா கரன்டு பில்லு வருதுங்களா?"

பிறகு அவரே சொன்னார். "நாங்க கேபின்ல இருந்து சைடு கண்ணாடியிலதான் பின்னாடி பாக்கறோம். மழையில கண்ணாடி பூரா தண்ணி முத்து. உங்க வண்டி கலர், ரோட்டுக் கலர் எல்லாம் ஒண்ணுதானுங்க. லைட்டு எரிஞ்சாத்தான் அங்க ஒருத்தன் இருக்கான்னு தெரியும். இல்லாட்டி நீங்க எங்களுக்கு இல்லைங்க."

'நீங்க எங்களுக்கு இல்லைங்க.' விழுப்புரம் போய், கல்யாணச் சாப்பாட்டில் உட்கார்ந்து, பாயசம் வந்த பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை.

அங்கேதான் அப்பா இன்னொரு விதமாக ஞாபகத்துக்கு வந்தார். வீட்டில் பல்பை அணைத்துக்கொண்டே திரிந்த அதே அப்பா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சைக்கிளை எடுத்தால் டைனமோவைத் தட்டிவிடாமல் கிளம்ப மாட்டார். டைனமோ டயரில் உரசினால் மிதிப்பது கனக்கும். பின்னால் என்னையும் வைத்துக்கொண்டு மூச்சுவாங்க மிதிப்பார். "தெருவிளக்குதான் எரியுதே, இது எதுக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது நாம பாக்கறதுக்கு இல்லடா. நம்மள மத்தவன் பாக்கறதுக்கு."

விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி அபராதம் போட்ட காலம் அது. அந்த பயத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்ன இரண்டு பாடங்களில் ஒன்றை மட்டும் முப்பது வருஷம் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தொலைத்திருக்கிறேன். 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்று சும்மாவா சொன்னார்கள்? யானைக்கு மணி கட்டுவது யானை கேட்பதற்கு அல்லவே.

இதைப் புரிந்துகொண்டவர்கள் எப்போதோ சட்டமே போட்டிருக்கிறார்கள். ஸ்வீடனில் 1977-லிருந்தே பகலிலும் விளக்கோடுதான் வண்டி ஓட்ட வேண்டும். ஐரோப்பாவில் 2011 முதல், புதிதாக அறிமுகமாகும் கார்களுக்குப் பகல் விளக்கு கட்டாயம். நம் டூவீலர் விதியும் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, இனி மழையென்றால் லைட் போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அதிலும் பாதிதான் கற்றிருக்கிறேன் என்பது அடுத்த வருஷம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது தெரிந்தது. பர்லியார் வரை நல்ல வெயில். காட்டேரிப் பக்கம் நெருங்கும்போது ரோட்டில் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிய மாதிரி மூடுபனி. பயந்துபோய் பிரைட் லைட்டைப் போட்டேன். அவ்வளவுதான், பானெட்டுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிட்டது. தெரிந்துகொண்டிருந்த ஓரத்துச் சுவரும் காணோம்.

பின்னால் வந்த ஒரு டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்து, ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி வந்தார். ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவராம். "சார், பிரைட் போடாதீங்க. பனியில பிரைட் போட்டா கண்ணாடி முன்னாடி டார்ச் அடிச்ச மாதிரி. வெளிச்சம் உங்க மூஞ்சிக்கே திரும்பி வரும். டிம்ல வைங்க. இடதுபக்க ஓரத்தைப் பாத்துக்கிட்டே என் பின்னாடி வாங்க. ரொம்ப ஒட்டாதீங்க, என் சிவப்பு லைட் தெரியற தூரத்துல வந்தாப் போதும்."

எவ்வளவு சரியான விஞ்ஞானம்! மூடுபனி என்பது காற்றில் மிதக்கிற கோடிக்கணக்கான நீர்த்துளி. ஒவ்வொரு துளியும் தன்மேல் படுகிற வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பிரைட் லைட் மேலேயும் தூரத்திலேயும் அடிப்பதால், கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பனி முழுவதும் ஒளிர்ந்து மறைத்துவிடுகிறது. டிம் லைட் கீழ்நோக்கி அடிக்கிறது. பம்பருக்குக் கீழே இருக்கிற ஃபாக் லேம்ப் இன்னும் தாழ்வாக, அகலமாக, ரோட்டை ஒட்டி அடிக்கிறது. அதன் சூட்சுமம் அந்தத் தாழ்வில்தான். மஞ்சள் நிறம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று நாம் நம்புகிறோம். பிரான்சில் 1993 வரை கார்களின் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருந்தாக வேண்டும் என்றுகூட விதி இருந்தது. ஆனால், மூடுபனித் துளியின் பருமனுக்கு மஞ்சள், வெள்ளை எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும்.

அன்றைக்கு டாக்ஸிக்காரரின் அந்த இரண்டு சிவப்புப் பொட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் குன்னூர் போய்ச் சேர்ந்தேன். அவர் பின்விளக்கை எரியவிடாமல் போயிருந்தால் நான் எங்கே போயிருப்பேன் என்பதை அந்தப் பள்ளத்தாக்கைக் கேட்டால்தான் தெரியும்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. கார்கள் ரொம்பப் புத்திசாலியாகிவிட்டன. நாம்தான் அந்தப் புத்திசாலித்தனத்தை நம்பி ஏமாறுகிறோம்.

இப்போது பல புதுக் கார்களில் முன்னால் புருவம் தீட்டிய மாதிரி ஒரு பகல் விளக்கு எந்நேரமும் எரிகிறது. டேஷ்போர்டும் எப்போதும் ஜொலிக்கிறது. ஓட்டுகிறவர் 'லைட் எரியுது' என்று நிம்மதியாக இருக்கிறார். ஆனால், நிறைய கார்களில் அந்தப் பகல் விளக்கு முன்னால் மட்டும்தான். பின்னால் ஒன்றும் எரியாது. மழையில் பின்னால் வருகிற லாரிக்கு அந்த கார், நாமக்கல்காரர் பாஷையில், 'இல்லைங்க'. ஆட்டோமேட்டிக் ஹெட்லைட்டும் அப்படித்தான். அதன் சென்சார் இருட்டைப் பார்த்து வேலை செய்வது. காலை நேரப் பனியும் மழையும் வெளிச்சமாகவே இருப்பதால் அது சும்மா இருந்துவிடும். திருகைக் கையால் திருப்பி, ஹெட்லைட்டை டிம்மில் போட்டால்தான் முன்னும் பின்னும் எரியும். வைப்பர் ஓடினால் விளக்கும் எரியட்டும். இவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு பழக்கம். மழை வந்ததும் நாலு இண்டிகேட்டரையும் பளிச் பளிச்சென்று அடிக்கவிட்டுக்கொண்டு ஓட்டுவது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால், அது 'நான் நிற்கிறேன், சிக்கலில் இருக்கிறேன்' என்று சொல்கிற விளக்கு. நாலும் அடித்துக்கொண்டே ஓடினால் நீங்கள் வலதுபக்கம் திரும்பப் போவதைப் பின்னால் வருகிறவருக்கு எப்படிச் சொல்வீர்கள்? நடுவில் ஒரு லாரி மறைத்து உங்கள் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், நீங்கள் திரும்பப் போவதாக நினைத்து அவர் பாட்டுக்கு ஏறி வருவார். பஞ்சர் ஆகி ஓரத்தில் நின்றால் போடுங்கள். போட்டுவிட்டு முக்கோணப் பலகையையும் பின்னால் தள்ளி வையுங்கள். நம் ஹைவேயில் ரிப்பேராகி நிற்கிற லாரிக்குப் பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும்தான் எச்சரிக்கை. வேப்பங்கொத்து இருட்டில் எரியாது.

விளக்கு போட்டுவிட்டோம் என்று தைரியமாக மிதிக்கவும் கூடாது. ஒரு சின்னக் கணக்கு. எண்பதில் போனால் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அதற்குள் 22 மீட்டர் போச்சு. ஈர ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 60 மீட்டர். ஆக மொத்தம் 80 மீட்டருக்கு மேல். டிம் லைட்டில் நமக்குத் தெளிவாகத் தெரிவது 50 மீட்டர் போல. மீதி 30 மீட்டரை நாம் குருட்டு நம்பிக்கையில்தான் ஓட்டுகிறோம். எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்கிற வேகம்தான் வேகம்.

நான் இப்போது ஒன்று செய்கிறேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள் ராத்திரி எங்கள் ஃபிளாட் வாட்ச்மேனைக் காருக்குப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டுவேன். "பிரேக்... எரியுது சார். இண்டிகேட்டர்... எரியுது சார். ரிவர்ஸ்... எரியுது சார்." கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற மாதிரி அவர் சொல்லிக்கொண்டே வருவார். முன்னும் பின்னும் விளக்குக் கண்ணாடியில் படிந்த சேற்றை ஈரத்துணியால் துடைப்பேன். மொத்தம் பத்து நிமிஷம். முதல் வருஷம் சோதித்தபோது ஒரு பிரேக் லைட் செத்திருந்தது. எத்தனை மாதமாகவோ தெரியாது. நம் பின்விளக்கு செத்துப்போனால் கடைசியாகத் தெரிவது நமக்குத்தான்.

அந்தத் தம்பதியை அப்புறம் நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிளம்பும்போது உடைந்த முட்டைக்குக் காசு கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. "நீ பத்திரமா போ சாமி" என்றாள் அந்த அம்மாள். மன்னிப்பு கேட்க வேண்டியவன் நான். அதையும் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை. கத்தினது மட்டும் கேட்டிருக்கும் அவர்களுக்கு. அந்தப் பேரப்பிள்ளை இந்நேரம் காலேஜ் போகிற வயசில் இருக்கும்.

சமீபத்தில் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், அதே மாதிரி ஒரு மழையில், என் மகளோடு போய்க்கொண்டிருந்தேன். டிம்மில் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. மேல்மருவத்தூர் தாண்டி ஒரு திருப்பத்தில், பைக்கோடு ஒரு பையன் ரோட்டைக் கடக்க நின்றுகொண்டிருந்தான். நாங்கள் நெருங்குவதைப் பார்த்துக் காலை ஊன்றிக்கொண்டான். அதோடு விடவில்லை. மழையில் நனைந்துகொண்டே கையை உயர்த்தி, ஐந்து விரல்களையும் குவித்துக் குவித்து விரித்தான். அவன் பைக்கின் ஹெட்லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பாவம்ப்பா, லைட் எரியுதுன்னு சொல்றான்" என்று மகள் சிரித்தாள்.

நானும் அவனுக்குத் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டினேன். அணைக்கவில்லை. அவனுக்கு நான் தெரிந்திருக்கிறேன். அது போதும்.